தீயில் ஒன்று, மேசையில் ஒன்று: ஓர் இரும்புக் கெண்டியின் பயணம்

உலக நாடுகளின் சுங்கத் துறைகள் பின்பற்றும் சரக்குப் பட்டியலில், வார்ப்பிரும்பில் செய்த வீட்டுப் பாத்திரங்களுக்கு இரண்டு எண்கள் இருக்கின்றன. எனாமல் பூசாதது 7323.91. எனாமல் பூசியது 7323.92. ஜப்பானின் வடகிழக்கில் உள்ள இவாத்தே மாகாணத்திலிருந்து வெளிநாடு போகும் இரும்புக் கெண்டிகள் இந்த இரண்டு எண்களில் பிரிந்துதான் கப்பலேறுகின்றன. முதல் எண்ணில் போவது தெட்சுபின்: அடுப்பில் ஏற்றி வெந்நீர் காய்ச்சுகிற கெண்டி. இரண்டாம் எண்ணில் போவது க்யூசு: மேசையில் வைத்து, தேயிலை மேல் வெந்நீர் ஊற்றி ஊறவிடுகிற கெண்டி. உடம்பில் அதே புள்ளி வரிசை, அதே குட்டை மூக்கு, தலைக்கு மேல் வளைந்து நிற்கும் அதே கைப்பிடி. கடை அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழக்கமில்லாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. மூடியைத் திறந்து உள்ளே பார்த்தால் தெரியும். ஒன்றின் வயிறு வெறும் இரும்பு. மற்றதன் வயிறு வழவழவென்று எனாமல்.

ஒரே பட்டறை மரபில் பிறந்த பொருள் எப்படி இப்படி இரண்டாகப் பிரிந்தது, அந்தப் பிரிவில் கடலுக்கு அப்பால் இருக்கும் வாடிக்கையாளருக்கு என்ன பங்கு என்பதைச் சொல்வதே இந்தக் கட்டுரை. ஒரு வட்டாரத்தின் கைவினைப் பொருளை வெளிநாட்டில் விற்பது என்றால் நல்ல பெட்டியும் நல்ல புகைப்படமும் இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். இந்தக் கெண்டியின் வாழ்க்கையைப் பார்த்தால் அது போதாது என்று புரியும். பொருளோடு அதைப் புழங்கும் பழக்கமும் சேர்ந்து பயணம் செய்தாக வேண்டும்.

மண்ணும் ஆறும் பிரபுவும்

இவாத்தேயில் இந்த வேலைக்குத் தேவையானதெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தது. கிதகாமி மலைகளில் இரும்பு மணலும் இரும்புத் தாதும் இருந்தன. காடுகளில் மரக்கரி கிடைத்தது. கிதகாமி ஆற்றுப் படுகையில் அச்சு செய்ய மணலும் களிமண்ணும் இருந்தன. மாகாணத்தின் வடக்கே ஜோபோஜி பகுதியில் உருஷி மரத்தின் பால் வடிகிறது. இன்றும் ஜப்பானில் எடுக்கப்படும் உருஷிப் பாலில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. இரும்பு, கரி, மணல், மேலே பூச மரப்பால் என்று நான்கும் ஒரே வட்டாரத்தில் அமைந்தது அபூர்வம்.

தொழில் வேரூன்றியது இரண்டு ஊர்களில். தெற்கே மிசுசாவா, இன்றைய ஓஷு நகரத்தின் ஒரு பகுதி. ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன், ஹிராயிசுமியை ஆண்ட புஜிவாரா கியோஹிரா, மேற்கே ஓமி நாட்டிலிருந்து வார்ப்பாளர்களை வரவழைத்ததிலிருந்து அங்கே தொழில் தொடங்கியதாகச் சொல்வார்கள். சட்டி, பானை, கலப்பை முனை என்று அன்றாடத்துக்கான இரும்பு அங்கே வார்க்கப்பட்டது. வடக்கே மொரியோகா, நம்பு குலப் பிரபுக்களின் கோட்டை நகரம். அங்கே தொழில் வளர்ந்தது தேநீர்ச் சடங்கை ஒட்டி. 1659-இல் பிரபு நம்பு ஷிகெனாவோ, கியோத்தோவிலிருந்து கொயிசுமி நிஸாஎமோன் என்ற வார்ப்பாளரை அழைத்து வந்து, சடங்குக்கான வெந்நீர்ப் பானைகளைச் செய்யச் சொன்னார். காமா என்ற அந்தப் பானைக்கு மூக்கும் கிடையாது, கைப்பிடியும் கிடையாது. மூங்கில் அகப்பையால் வெந்நீரை மொண்டுதான் ஊற்ற வேண்டும்.

18-ஆம் நூற்றாண்டில் அதே குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை நிஸாஎமோன் அந்தப் பானையைச் சிறிதாக்கி, மூக்கு வைத்து, கைப்பிடி பூட்டினார். அகப்பை தேவையில்லை, ஒரு கையால் தூக்கி ஊற்றிவிடலாம். தெட்சுபின் அப்படித்தான் உருவானது என்பது மொரியோகாவின் மரபுச் செய்தி. சடங்கு அறையில் இருந்த பொருள் வீட்டு அடுப்பங்கரைக்கு வந்தது. இதன் வாழ்க்கையில் நடந்த முதல் பெரிய மாற்றம் அது. அந்த மாற்றத்தைச் செய்தவர் மரபுக்கு வெளியே இருந்து வந்த யாரோ அல்ல, அந்த மரபின் மூன்றாம் தலைமுறை வாரிசு. பின்னால் பாரிஸ் கதை வரும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு செய்தி. மிசுசாவா அன்று நம்பு குலத்தின் ஆட்சியில் இல்லை. அது தெற்கே சென்டாயை ஆண்ட தாத்தே குலத்தின் நிலம். இன்று இரண்டு ஊர்ப் பொருள்களும் "நம்பு இரும்பு" என்ற ஒரே பெயரில் விற்கின்றன. வெளிச்சந்தையில் நிற்க ஒரு பொதுப் பெயர் வேண்டும் என்று இரு ஊர்க்காரர்களும் ஒப்புக்கொண்டதால் கிடைத்த பெயர் அது.

ஒரு கெண்டி பிறக்கும் விதம்

கையால் செய்யும் தெட்சுபினுக்குச் சிறிதும் பெரிதுமாக அறுபது, எழுபது படிகள் இருக்கின்றன. முதலில் கெண்டியின் பாதி உருவத்தை ஒரு தகட்டில் வெட்டிக்கொள்கிறார்கள். சுட்ட மண் வளையத்துக்குள் மணலும் களிமண் கரைசலும் கலந்த சேற்றை அப்பி, நடுவில் அந்தத் தகட்டைச் சுழற்றுகிறார்கள். தகடு சுற்றச் சுற்ற, கெண்டியின் வெளிவடிவம் குழிவாக உருவாகிறது. முதலில் கரடான மணல், பிறகு நைசான மணல், கடைசியில் சலித்த மண்.

அச்சு முழுதும் காய்வதற்குள் புள்ளி குத்த வேண்டும். அராரே என்று பெயர், ஆலங்கட்டிப் புள்ளிகள். கெண்டியின் வெளியே மேடாகத் தெரியும் ஒவ்வொரு புள்ளியும் அச்சின் உள்ளே ஒரு குழி. முனை மழுங்கிய சிறு குச்சியால் ஒவ்வொன்றாக, ஒரே ஆழத்தில் அழுத்துகிறார்கள். ஒரு கெண்டிக்கு ஆயிரக்கணக்கான புள்ளிகள் வரும். வயிறு அகன்ற இடத்தில் புள்ளி பெரிது. தோளை நோக்கிப் போகப்போகச் சிறிது. வரிசை கோணாமல், கடைசிப் புள்ளி முதல் புள்ளியோடு இடைவெளி பிசகாமல் வந்து சேர வேண்டும். மண் அதிகம் காய்ந்துவிட்டால் குச்சி இறங்காது. ஈரம் அதிகமானால் குழி சரியும். அந்தப் பதத்துக்குள் வேலை முடிய வேண்டும். ஆகவே குனிந்த தலையை நிமிர்த்தாமல் குத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

பிறகு அச்சைச் சுடுகிறார்கள். மணலில் செய்த உள்கருவை அதனுள்ளே நிறுத்துகிறார்கள். அச்சுக்கும் கருவுக்கும் நடுவே விடும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். கெண்டியின் சுவர்க் கனம் அவ்வளவே. 1,400 டிகிரியை ஒட்டிய சூட்டில் உருகிய இரும்பை அந்த இடைவெளிக்குள் நிற்காமல் ஊற்ற வேண்டும். இரும்பு இறுகியதும் அச்சைப் பிரித்து, உள்ளே இருக்கும் மணலைத் தட்டி எடுக்கிறார்கள்.

அடுத்து வருவதுதான் தெட்சுபினின் உயிர்நிலை. வார்த்த கெண்டியை மீண்டும் மரக்கரித் தீயில், 800 முதல் 1,000 டிகிரி சூட்டில் வைத்து எடுக்கிறார்கள். இரும்பின் மேல் அப்போது மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உருவாகிறது. துரு எளிதில் பிடிக்காமல் காப்பது அந்தப் படலம்தான். உள்ளே வேறு எந்தப் பூச்சும் கிடையாது.

வெளிப்புறத்துக்குச் சூடான கெண்டியின் மேல் உருஷி பூசி, அது காய்ந்ததும் ஓஹாகுரோ என்ற கரைசலைத் தேய்க்கிறார்கள். இரும்புத் துண்டுகளைப் புளித்த திரவத்தில் ஊறவைத்து, தேநீர் சேர்த்துச் செய்வது. பழைய ஜப்பானில் பெண்கள் பல்லைக் கறுப்பாக்கப் பயன்படுத்தியதும் இதே வகைக் கரைசல்தான். கைப்பிடியை வேறொரு கொல்லர் செய்கிறார். உயர்ந்த ரகத்துக்கு இரும்புத் தகட்டை அடித்து அடித்துச் சுருட்டி, உள்ளே கூடான குழலாக வளைப்பார்கள். உள்ளே வெறும் காற்று என்பதால் கை சுடாது. அந்தக் கைப்பிடி செய்யத் தெரிந்தவர்கள் இன்று மிகச் சிலர். கெண்டி வார்ப்பவர் எத்தனை பேர் இருந்தாலும், கைப்பிடிக்காரர் இல்லாவிட்டால் கெண்டி முழுமை பெறாது.

ரயில், இளவரசர், போர்

1890-இல் டோக்கியோவிலிருந்து வரும் ரயில் பாதை மொரியோகாவை எட்டியது. மலையும் பனியும் அடைத்து வைத்திருந்த ஊரின் சரக்கு தெற்கே ஓடத் தொடங்கியது. 1908-இல் பட்டத்து இளவரசர், பின்னாளில் தைஷோ பேரரசர் ஆனவர், வடகிழக்கில் சுற்றுப்பயணம் வந்தபோது எட்டாம் தலைமுறை கொயிசுமி நிஸாஎமோன் அவர் கண்முன்னே தெட்சுபின் வார்த்துக் காட்டினார். பத்திரிகைகள் எழுதின, கெண்டியின் பெயர் நாடு முழுக்கப் பரவியது. வட்டாரப் பொருள் ஒன்று நாட்டுப் பொருளானது இப்படித்தான்.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. இரும்பு முழுவதும் ஆயுதத்துக்குத் திருப்பப்பட்டது. மரபு அழிந்துவிடக் கூடாது என்று ஒரு சில வார்ப்பாளர்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. மற்றவர்கள் கெண்டி வார்க்கக் கூடாது. வீடுகளில் இருந்த பழைய கெண்டிகளும் உலோகச் சேகரிப்பில் போயின. போர் முடிந்தபின் வந்த எதிரி வேறு: அலுமினியமும் ஸ்டீலும். எடை குறைவு, விலை குறைவு, துருவும் இல்லை. கரி அடுப்பு மறைந்து எரிவாயு வந்தது. தீயின் மேல் நாள் முழுக்க வெந்நீர் கொதித்துக்கொண்டிருக்கும் வீட்டு அமைப்பே மாறியது. கெண்டி என்னவோ நன்றாகத்தான் இருந்தது. அதற்கு வேலை வைத்திருந்த வீடு காணாமல் போனது.

1974-இல் ஜப்பான் அரசு மரபுக் கைவினைத் தொழில்களுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன் முத்திரை கிடைக்க, அன்றாட வாழ்வில் பயன்படும் பொருளாக இருக்க வேண்டும்; முக்கியமான படிகள் கையால் செய்யப்பட வேண்டும்; நுட்பத்துக்கும் மூலப்பொருளுக்கும் நூறு ஆண்டு மரபு வேண்டும்; ஒரு வட்டாரத்தில் ஓரளவு எண்ணிக்கையில் தொழில் செய்வோர் இருக்க வேண்டும். 1975 பிப்ரவரியில் இந்த முத்திரை பெற்ற முதல் தொகுதியில் நம்பு இரும்பும் ஒன்று. இன்று அந்தப் பட்டியலில் 240-க்கும் மேற்பட்ட கைவினைகள் உள்ளன. முத்திரை மதிப்பைக் கொடுத்தது, வாங்குபவரைக் கொடுக்கவில்லை. பட்டியலில் உள்ள தொழில்களின் மொத்த உற்பத்தி மதிப்பு 1980-களின் தொடக்கத்தில் உச்சத்தைத் தொட்டது. அதன்பின் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. உள்ளூர்ச் சந்தையை மட்டும் நம்பியிருந்தால் பல பட்டறைகள் பூட்டிக் கிடந்திருக்கும்.

வெளிநாட்டுக்கு என்று ஒரு கண்

கைவினையை வெளிநாட்டில் விற்கும் எண்ணம் ஜப்பானுக்குப் புதிதல்ல. 1873-இல் வியன்னா உலகக் கண்காட்சியில் புதிதாக அமைந்திருந்த மேஜி அரசு தன் கைவினைகளைப் பெரிய அளவில் கொண்டுபோய் வைத்தது. அடுத்த ஆண்டே ஏற்றுமதிக்கென்று ஒரு வணிக நிறுவனம் எழுந்தது. ஆனால் அன்று போனவை பெரும்பாலும் அலங்காரப் பொருள்கள். ஐரோப்பிய மாளிகையின் மூலையில் நிற்பதற்கானவை. 

ஏழை வடகிழக்கின் அன்றாடப் பொருள்களை உலகச் சந்தைக்கு ஏற்றதாக்கும் எண்ணத்தோடு 1928-இல் சென்டாயில் ஓர் அரசுக் கைவினை ஆய்வுக்கூடம் தொடங்கப்பட்டது. 1933-இல் ஜெர்மானியக் கட்டிடக் கலைஞர் புரூனோ டவுட் அங்கே வந்து சில மாதங்கள் ஆலோசகராக இருந்தார். 1940-இல் பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஷார்லட் பெரியாண் அரசின் அழைப்பில் ஜப்பான் வந்து, வட்டாரக் கைவினைகளைப் பார்த்துச் சுற்றினார். எந்தப் பொருள் மேற்கில் செல்லும், எதை எப்படி மாற்ற வேண்டும் என்று சொல்வது அவர் வேலை. அவரோடு சுற்றிய இளைஞர் சோரி யானகி. ஜப்பானின் பெரிய வடிவமைப்பாளர்களில் ஒருவராக உயர்ந்த அவர், பிற்காலத்தில் நம்பு இரும்பில் எளிமையான சமையல் சட்டிகளை வடிவமைத்தார். ஊர் ஊராகப் போய்ப் பார்த்துப் பழகிய கண்ணின் பலன் அந்தச் சட்டிகளில் தெரிகிறது.

இவர்கள் எல்லாரும் வெளியிலிருந்து வந்து சொன்னவர்கள். வாங்குபவரே வந்து கேட்டது அதற்கெல்லாம் பிறகு.

பாரிஸ் கேட்ட நிறம்

மொரியோகாவில் 1902-இல் தொடங்கிய இவாச்சூ என்ற வார்ப்பு நிறுவனம் நீண்ட காலமாக ஏற்றுமதி செய்துவந்தது. 1990-களின் பிற்பகுதியில் பாரிஸின் பெயர்பெற்ற தேநீர்க் கடை ஒன்று அவர்களிடம் ஒரு கோரிக்கை வைத்தது. இரும்புக் கெண்டி எங்களுக்குப் பிடித்திருக்கிறது. நிறத்தில் செய்து தர முடியுமா?

நம்பு இரும்பு என்றால் கறுப்பு, இல்லையென்றால் கரும்பழுப்பு. நூற்றாண்டுகளாக அதுதான் நிறம். கேட்டவுடன் பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்தால் வார்ப்பின் சொரசொரப்பு மூடிப்போகும். புள்ளிகள் மொழுக்கென்று ஆகும். கையில் எடுத்தால் இரும்பு என்றே தோன்றாது. நிறம் ஏற வேண்டும், இரும்பின் மேனி மறையக் கூடாது. அதோடு தேநீர்ப் பாத்திரம் என்பதால், உணவைத் தொடும் பொருள்களுக்கான ஐரோப்பிய விதிகளையும் நிறைவேற்ற வேண்டும்: உடம்புக்குக் கேடான எதுவும் கசியக் கூடாது, உணவின் சுவையும் மாறக் கூடாது. பொருத்தமான நிறப்பூச்சைக் கண்டுபிடிக்கவே ஆண்டுகள் பிடித்தன. இளஞ்சிவப்பும் நீலமும் பச்சையுமாகக் கெண்டிகள் பாரிஸ் போனபோது நன்றாக விற்றன. அங்கிருந்து மற்ற ஐரோப்பிய நாடுகளுக்கும் அமெரிக்காவுக்கும் பரவின. 

போனது தெட்சுபின் அல்ல, க்யூசு. காரணம் எளிது. பிரெஞ்சு வீட்டில் வெந்நீர் காய்ச்ச மின்சாரக் கெட்டில் இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது தேயிலையை ஊறவைத்து, சூடு ஆறாமல் மேசையில் வைத்துக்கொள்ள ஒரு பாத்திரம். கனத்த இரும்பு அதற்குப் பொருத்தம். வெறும் இரும்பில் தேயிலை ஊறினால் தேநீர் கறுத்துப்போகும். ஆகவே உள்ளே எனாமல். தேயிலைக்கு ஒரு ஸ்டீல் வடிகட்டிக் கூடை. எனாமல் பூசியதால் தீயில் வைக்க முடியாது. சுங்கப் பட்டியலின் இரண்டாவது எண்ணில் நம்பு இரும்பு இவ்வளவு பெருகியதற்குப் பின்னால் இருப்பது இந்த அன்றாடத் தேவைதான்.

இதை மரபுக்குச் செய்த துரோகம் என்று சொல்பவர்கள் ஜப்பானிலும் உண்டு, வெளியிலும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பானைக்கு மூக்கு வைத்த மூன்றாம் தலைமுறைக்காரர் செய்ததும் இதே வேலைதான்: குடிப்பவரின் கையைப் பார்த்துப் பாத்திரத்தை மாற்றினார். சுடாத ஈர மணல் அச்சில் எண்ணிக்கையாக வார்த்து, சில ஆயிரம் யென்னுக்கு விற்கும் வண்ண க்யூசு பட்டறையின் அன்றாடச் செலவைத் தாங்குகிறது. அந்த வருமானம் இருப்பதால்தான் பக்கத்து மேசையில் இளம் கைவினைஞர் ஒருவர் காயாத மண் அச்சில் குச்சியால் புள்ளி குத்தப் பழக முடிகிறது. அரசு முத்திரையுள்ள மரபுக் கைவினைஞர் தேர்வு எழுதவே 12 ஆண்டு அனுபவம் வேண்டும். அந்த 12 ஆண்டுக்குச் சோறு போடுவது யார் என்ற கேள்விக்குப் பதில் தெரியாதவர்கள் துரோகம் என்று சொல்லக் கூடாது.

சீனா கேட்ட பழமை

பாரிஸ் புதுமையைக் கேட்டது. சீனாவும் தைவானும் நேர் எதிராகக் கேட்டன. அங்கே வேண்டியது எனாமல் பூசாத, தீயில் காயும் அசல் தெட்சுபின். யுன்னானின் புயர் தேநீருக்குக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வேண்டும். இரும்புக் கெண்டியில் காய்ச்சிய நீரில் தேநீர் மென்மையாக இறங்குகிறது என்பது தேநீர்ப் பிரியர்களின் உறுதியான நம்பிக்கை. 2010 ஷாங்காய் உலகக் கண்காட்சியில் இவாத்தே தன் கெண்டிகளைப் புயர் தேநீரோடு சேர்த்தே மக்கள் முன் வைத்தது. அதையொட்டித் தேவை மளமளவென்று ஏறியது. கைவேலைக் கெண்டிகளுக்குக் காத்திருப்புப் பட்டியல் நீண்டது. கியோத்தோவில் மேஜி காலத்தில் செய்த ரியூபுண்டோ போன்ற பட்டறைகளின் பழைய கெண்டிகளைச் சேகரிப்போர் பெரும் விலை கொடுத்து வாங்கினர். ஜப்பானில் பரணில் கிடந்தவை ஏலக் கூடத்துக்கு வந்தன.

கூடவே போலிகளும் வந்தன. பழைய முத்திரையைப் பொறித்த புதுக் கெண்டிகள், எங்கோ வார்த்து நம்பு என்று பெயர் ஒட்டியவை. கூட்டுறவுச் சங்கங்கள் வட்டாரப் பெயரை வணிக முத்திரையாகப் பதிவு செய்து காக்க வேண்டியிருந்தது. பெயருக்கு மதிப்பு வந்தபின் பெயரைக் காப்பதும் ஒரு தொழிலாகிவிடுகிறது.

இரண்டு சந்தைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். வெளிநாட்டு வாடிக்கையாளர் என்று ஒரே ஆள் கிடையாது. ஒருவர் தன் மேசைக்கு ஏற்ப மாற்றித் தரச் சொல்கிறார். இன்னொருவர் ஒரு புள்ளியைக்கூட மாற்றாதே என்கிறார். இருவருக்கும் ஒரே பொருளை அனுப்பினால் இருவரும் திரும்ப வரமாட்டார்கள்.

பெட்டிக்குள் என்ன இருக்க வேண்டும்

இரும்பு கனம். ஒரு லிட்டருக்கு மேல் பிடிக்கும் தெட்சுபினோடு மரப்பெட்டியும் சேர்ந்தால், சர்வதேச அஞ்சலில் சிறு பொட்டலத்துக்கு உள்ள 2 கிலோ வரம்பை எளிதில் தாண்டிவிடும். அதற்குமேல் பார்சல் கட்டணம், போய்ச் சேரும் நாட்டில் சுங்க வரி. கப்பலில் போனால் கொள்கலனுக்குள் ஈரம் வியர்க்கும். வெறும் இரும்புக்கு அது ஆபத்து. ஆகவே உலர்த்தும் பொட்டலம், எண்ணெய்த் தாள், இறுக்கமான கட்டு. வார்ப்பிரும்பு கனமாக இருந்தாலும் கீழே விழுந்தால் நசுங்காது, உடையும். மூக்குதான் முதலில் போகும்.

இவ்வளவையும் தாண்டிக் கெண்டி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தபின்தான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது. புதிதாக வாங்கியவர் முதல் நாளே உள்ளே சோப்புப் போட்டு ஸ்டீல் நாரால் தேய்த்தால், கரித்தீயில் உருவாக்கிய படலம் போய்விடும். இரவு முழுக்கத் தண்ணீரை உள்ளேயே விட்டுவைத்தால் காலையில் செந்நிறத் தண்ணீர் வரும். க்யூசுவை அடுப்பில் ஏற்றினால் எனாமல் விரிசல் விட்டு உதிரும். நம் வீட்டில் இரும்புத் தோசைக்கல்லைப் பழக்கத் தெரிந்தவர்களுக்கு இதெல்லாம் சொல்லாமலே புரியும். நான்ஸ்டிக் சட்டியோடு வளர்ந்தவருக்குப் புரியாது. அது அவர் குற்றமல்ல. யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

சொல்லித்தர வேண்டியது அதிகமில்லை. முதலில் இரண்டு மூன்று முறை தண்ணீர் காய்ச்சிக் கொட்ட வேண்டும். கொதித்து மூக்கு வழியே வழியாதபடி முக்கால் பங்குக்கு நிரப்பினால் போதும். தீ மிதமாக இருக்க வேண்டும், பக்கவாட்டில் ஏறக் கூடாது. வேலை முடிந்ததும் சூட்டோடு சூடாக மிச்ச நீரை முழுவதும் ஊற்றிவிட்டு மூடியைத் திறந்து வைத்தால், கெண்டியின் சூடே உட்புறத்தை உலர்த்திவிடும். உள்ளே கை வைக்கக் கூடாது.

நாளாக நாளாக உள்ளே வெள்ளையாக உப்புப் படியும். பழக்கமில்லாதவர் அழுக்கு என்று நினைத்துச் சுரண்டுவார். மொரியோகாக்காரர் அதற்காகவே காத்திருப்பார். நீரில் உள்ள சுண்ணமும் மெக்னீசியமும் படிந்து துருவைத் தடுக்கும் இரண்டாவது காப்பு அது. ஜப்பானின் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது என்பதால் படிய நாளாகும். லண்டனிலும் பாரிஸிலும் கடினநீர். அந்த வெள்ளை விரைவிலேயே வந்துவிடும். அங்கே உள்ள வாடிக்கையாளருக்கு இது நல்ல சேதி. ஆனால் சொல்லாவிட்டால் அவர் அதைக் குறை என்று புகார் எழுதுவார்.

துரு வந்துவிட்டால்கூட வழியிருக்கிறது. பயன்படுத்திய பச்சைத் தேயிலையைத் துணியில் முடிந்து, கெண்டியில் நீரோடு போட்டு மெதுவாகக் கொதிக்கவிட வேண்டும். தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான டானின் இரும்போடு சேர்ந்து கறுப்பாகி, துருவின் மேல் படலமாக ஒட்டிக்கொள்ளும். ஓஹாகுரோ பூசும்போது பட்டறையில் நடப்பதும் இதே வேதியியல்தான். வார்ப்பாளர் வெளியே செய்ததை வாங்கியவர் உள்ளே தொடர்கிறார். எந்தப் பாத்திரக் கடையிலும் விற்க முடியாத உறவு இது. இந்த வேலை தெரிந்துகொண்டவர் கெண்டியைத் தூக்கி எறியமாட்டார்.

திரும்பி வரும் வழி

2023-இல் நியூயார்க் டைம்ஸ் அந்த ஆண்டு போக வேண்டிய 52 இடங்களின் பட்டியலில் லண்டனுக்கு அடுத்ததாக மொரியோகாவை வைத்தது. பல தலைமுறைகளாகக் கெண்டிகள் போன திசையிலிருந்து இப்போது மனிதர்கள் வருகிறார்கள். பட்டறை வாசலில் நின்று அச்சையும் கரியையும் பார்த்துவிட்டு, செய்தவர் கையிலிருந்தே வாங்கிப் போகிறார்கள். பழக்கமும் சேர்ந்து பயணம் செய்ய இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் எல்லாராலும் மொரியோகாவுக்குப் போக முடியாது. அவர்களுக்காகச் செய்ய வேண்டிய வேலை மீதி இருக்கிறது.

முதலாவது, விற்கும் இடத்திலேயே இது தீக்கா, மேசைக்கா என்று தெளிவாகச் சொல்வது. வெளிநாட்டுக் கடைகளில் எனாமல் பூசிய க்யூசுவைத் தெட்சுபின் என்றே பெயர் போட்டு விற்பது சாதாரணம். அந்தப் பெயரை நம்பி அடுப்பில் வைத்தவரின் ஏமாற்றம் மொரியோகாவின் கணக்கில்தான் ஏறும். இரண்டாவது, அவரவர் மொழியில், அவரவர் ஊர்த் தண்ணீருக்கும் அடுப்புக்கும் பொருந்துகிற பயன்பாட்டுக் குறிப்பு. ஜப்பானியக் குறிப்பை அப்படியே பெயர்த்து வைத்தால் போதாது. பாரிஸ்காரருக்கு உப்புப் படிவு பற்றியும், மின்தூண்டல் அடுப்பு வைத்திருப்பவருக்கு மெதுவாகச் சூடேற்றுவது பற்றியும் சொல்ல வேண்டும்.

மூன்றாவதுதான் பெரியது: பழுது பார்ப்பது. மொரியோகாவில் துருப்பிடித்த கெண்டியைப் பட்டறைக்கு எடுத்துப் போனால், மறுபடி சுத்தம் செய்து உருஷி பூசித் தருகிறார்கள். தாத்தாவின் கெண்டி பேத்திக்கு வருவது அதனால்தான். லண்டனிலோ ஷாங்காயிலோ வாங்கியவர் அதே கெண்டியைத் திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் அஞ்சல் செலவே ஒரு புது க்யூசுவின் விலையைத் தொட்டுவிடும். போகும் வழியைத் திறக்க ஒன்றரை நூற்றாண்டாகக் கண்காட்சிகளும் ஆய்வுக்கூடங்களும் வணிகர்களும் உழைத்திருக்கிறார்கள். திரும்பி வரும் வழிக்கு அந்த உழைப்பில் பத்தில் ஒரு பங்குகூடப் போகவில்லை. பெரிய நகரங்களில் பயிற்சி பெற்ற ஒரு பழுதுபார்ப்பவரை உட்காரவைக்க ஏற்றுமதி நிறுவனங்களும் மாகாண அரசும் சேர்ந்து செலவு செய்தால், அதுவே சிறந்த விளம்பரம். தலைமுறை தாண்டும் பொருள் என்று சொல்லித்தான் இதை விற்கிறார்கள். அந்த வாக்கை வாங்கியவரின் ஊரிலும் காப்பாற்றிக் கொடுப்பது விற்றவரின் கடமை.